யுகுலேலேயில் கார்ட்ஸ் படிக்க மூன்று வழிகள்: குமரி மாவட்டத்துக்காரருக்கு எது தோது?

"யுகுலேலே வாங்கியாச்சு, இனி யார்கிட்ட, எப்படிப் படிக்கிறது?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் உண்டு, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாங்களும் எடுத்துத் தட்டிப் பார்க்கும் அம்மாக்களும் உண்டு. இவர்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். யூடியூப் பார்த்துக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) பிடிக்கும் விரல் வடிவங்களை மனப்பாடம் செய்யலாம். வகுப்பில் சேர்ந்து, ஐந்து கோட்டில் புள்ளி வைத்து இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனிலிருந்து தொடங்கலாம். ச ரி க ம வைத்து ஃபிரெட்டை (கழுத்துப் பலகையில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களை) எண்ணி, கார்டைத் தானே கட்டிப் படிக்கலாம். மூன்றிலும் நல்லது இருக்கிறது. நான் மூன்றாவது வழியின் பக்கம். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கிட்டாரின் சின்ன வடிவம் போன்ற யுகுலேலேயில் நான்கே ஸ்ட்ரிங். மடியில் வைத்து மேலிருந்து கீழே எண்ணினால் ஜி, சி, இ, ஏ. மேலே இருக்கும் ஜி, கிட்டாரில் இருப்பதுபோல் கனத்த குரல் கிடையாது. அதுவும் மெல்லிய, உயர்ந்த ஒலிதான். ஆகத் தாழ்ந்த ஒலி இரண்டாவதாக வரும் சி. ஒரு கார்டைப் பிடித்தால் ஒலிப்பது நான்கு ஸ்வரம் மட்டுமே என்பதால், எந்த விரல் எந்த ஸ்வரத்தைத் தருகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கார்ட் எப்படி உண்டாகிறது என்று படிக்க இவ்வளவு தோதான கருவி வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்து அங்கேயே நின்றுவிட்டால், இந்தக் கருவி தரும் பெரிய வசதியைத் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

யூடியூப் வழியின் பலம் வேகம். சி, ஏ மைனர், எஃப், ஜி செவன் என்ற நான்கு வடிவங்களும் கைக்கு எளிதானவை. சி-க்கு ஒரு விரல், ஏ மைனருக்கு ஒரு விரல், எஃப்-க்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. சில நாள் பழகினால் ஒரு பாட்டுக்குக் கூடவே தட்டிக்கொண்டு போகலாம். அந்த உற்சாகம் சாதாரணமானதல்ல; தொடக்கத்தில் அது கிடைக்காதவர்கள்தான் கருவியை அலமாரிக்கு மேலே தூக்கி வைக்கிறார்கள். அதனால் யூடியூப்பே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வீடியோவில் இல்லாத பாட்டை வாசிக்கும்போது. வீட்டு ஜெபக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தி ஒருவர் தன் குரலுக்கு வாகான சுருதியில் பாட்டைத் தூக்கிவிடுவார். சுருதியை எண்ணால் சொல்லும் கட்டை கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. கீபோர்டுக்காரர் நொடியில் அந்தச் சுருதியைப் பிடித்து உள்ளே வந்துவிடுவார். சி, எஃப், ஜி வடிவம் மட்டும் தெரிந்த யுகுலேலேக்காரர் கருவியை அணைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பாட்டுக் கார்ட்களில் தவறும் நிறைய. தவறு என்று காதுக்குத் தெரிந்தாலும், எதை மாற்ற வேண்டும் என்று தெரியாது. வடிவம் தெரிகிறது, அதன் உள்ளே இருப்பது தெரியவில்லை என்பதே காரணம்.

இரண்டாவது வழி வகுப்பு. நம் பக்கத்தில் மியூசிக் கிளாஸ் என்றால் பெரும்பாலும் கீபோர்டு, கிட்டார், வயலின்தான். யுகுலேலேயைக் கிட்டார் ஆசிரியரே சேர்த்துச் சொல்லித் தருவது வழக்கம். முறையாகப் போகும் ஆசிரியர்கள் ஸ்டாஃப் நொட்டேஷனும் டிரினிட்டி காலேஜ் லண்டனின் தியரி கிரேடுகளும் வழியாகக் கூட்டிப் போவார்கள். இந்த வழிக்கு யுகுலேலே நன்றாகவே பொருந்துகிறது. பியானோவின் நடு சி-தான் யுகுலேலேயின் ஆகத் தாழ்ந்த ஸ்வரம். ஆகவே டிரெபிள் கிளெஃபின் (உயர்ந்த ஸ்வரங்களை எழுதும் அமைப்பின்) ஐந்து கோடுகளுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டுத் தொடங்கினால், அங்கிருந்து மேலே எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

யாருக்கு இது அவசியம்? பாடகர் குழுவில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று நான்கு குரலில் பாடுகிறவர்களுக்கு, அல்லது பிற்பாடு இசையையே படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு. அச்சிட்ட நான்கு குரல் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து தன் வரியைத் தானே படித்துப் பாடுவது பெரிய சுதந்திரம். மற்றவர்களுக்கு இந்த வழி நீளம். கோட்டில் இருக்கும் புள்ளியைப் படிக்கப் பழகும் மாதங்களில் கார்ட் என்றால் என்ன என்ற கேள்வி பின்னால் தள்ளிப் போகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வந்தால் கிளாஸும் நின்றுபோகிறது. நொட்டேஷன் பாதியில் நின்றால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு யோசனையும் வரும்: "முதலில் கீபோர்டில் தியரி படித்துவிட்டு யுகுலேலேக்கு வரட்டுமா?" வீட்டில் கீபோர்டு இருந்தால் தாராளமாகத் தொட்டுப் பாருங்கள், ஸ்வரங்கள் ஒரே வரிசையில் கண்முன் இருக்கும். இதற்கென்று தனியாக வாங்க வேண்டாம். கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் விரல் அமைப்பு மாறும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து, சுருதியைத் தானாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டு எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசிக்கிறவர்கள் ஏராளம்.

இனி மூன்றாவது வழி. சி ஸ்ட்ரிங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினால் அதுதான் ச. இரண்டாவது ஃபிரெட்டில் ரி, நான்கில் க, ஐந்தில் ம, ஏழில் ப, ஒன்பதில் த, பதினொன்றில் நி, பன்னிரண்டில் மேல் ச. இப்போது நீங்கள் வாசித்தது சங்கராபரணம். மேற்கத்திய இசையில் சி மேஜர் ஸ்கேல் என்பதும் இதே ஸ்வரங்கள்தான். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்று பள்ளிப் பருவத்தில் பாட்டு டீச்சரிடம் கேட்ட பெயர்களெல்லாம் இப்போது ஃபிரெட் எண்களாகக் கைக்கு வந்துவிட்டன. இடைவெளி 2, 2, 1, 2, 2, 2, 1. மேஜர் ஸ்கேலின் மொத்தச் சூத்திரமும் இந்த ஏழு எண்கள்தான். எந்த ஸ்ட்ரிங்கில், எந்த ஃபிரெட்டில் தொடங்கினாலும் இடைவெளி மாறாது.

அடுத்தது கார்ட். ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலித்தால் மேஜர் கார்ட். சி கார்டைப் பிடித்துப் பாருங்கள்: ஏ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃபிரெட்டை மட்டும் அழுத்த வேண்டும். மேலிருந்து கீழே ஒலிப்பவை ப, ச, க, மேல் ச. ஒரு விரலில் முழுக் கார்டும் வந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது.

மேஜருக்கும் மைனருக்கும் என்ன வித்தியாசம் என்று "சந்தோஷம், சோகம்" சொல்லி விளக்குவார்கள். யுகுலேலேயில் அதை விரலாலேயே காட்டலாம். ஜி ஸ்ட்ரிங்கில் இரண்டாம் ஃபிரெட், சி ஸ்ட்ரிங்கில் முதல் ஃபிரெட், மற்ற இரண்டும் அழுத்தாமல்: இது ஏ மேஜர். ஏ-யை ச என்று கொண்டால் ஒலிப்பவை ச, க, ப, ச. இப்போது சி ஸ்ட்ரிங்கில் இருக்கும் விரலை மட்டும் எடுத்துவிட்டு மீட்டுங்கள். ஏ மைனர். நான்கு ஸ்வரத்தில் மாறியது ஒன்றுதான்: அந்தர காந்தாரம் ஒரு ஃபிரெட் இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிவிட்டது. மனநிலையே மாறிப்போகிறது, அதற்குக் காரணம் காந்தாரம் மட்டும். சங்கீதம் கொஞ்சம் கேட்டுப் பழகிய காதுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

என் அக்கா மகள் வீடியோ பார்த்து எஃப் கார்டை நன்றாகவே பிடிப்பாள். ஒருநாள் "இதுல ச எங்க இருக்கு மக்கா?" என்று கேட்டேன். "எஃப்-ல ச எப்படி மாமா வரும்? ச-ன்னா சி இல்லியா?" என்றாள். எஃப்-யையே ச என்று வைத்து எண்ணச் சொன்னேன். இ ஸ்ட்ரிங்கின் முதல் ஃபிரெட் ச. அங்கிருந்து நான்கு தள்ளி க, அது ஏ. ஏழு தள்ளி ப, அது சி. எண்ணிக்கொண்டே வந்தவள், மேலிருந்து க, ப, ச, க என்று தானே சொல்லி முடித்தாள். எந்தக் கார்டிலும் ச-வைத் தேடலாம் என்பது பிடிபட்டதும், அடுத்த வாரம் அவளே ஒரு நோட்டில் ஜி-க்கும் டி-க்கும் எழுதிக் கொண்டுவந்தாள். ஸ்வர வழி தரும் பிடிப்பு இப்படிப்பட்டது.

சங்கராபரணத்தின் ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரம் எடுத்தால் ஏழு கார்ட் கிடைக்கும். ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி மூன்றும் மேஜர். ரி-ம-த, க-ப-நி, த-ச-க மூன்றும் மைனர். நி-ரி-ம மட்டும் டிமினிஷ்ட், அதாவது மேஜரின் க, ப இரண்டும் ஒரு ஃபிரெட் இறங்கியது. சி-யில் இவை வரிசையாக சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், பி டிமினிஷ்ட். முதலாவது, நான்காவது, ஐந்தாவது கார்ட்களை வைத்தே இத்தனை பாட்டுகள் ஓடுவது எப்படி? ச, ம, ப மூன்றின் கார்ட்களிலும் உள்ள ஸ்வரங்களைக் கூட்டிப் பாருங்கள்: ச க ப, ம த ச, ப நி ரி. ஏழு ஸ்வரமும் அடங்கிவிட்டன. மெட்டு எந்த ஸ்வரத்தில் நின்றாலும் அதைத் தாங்க இந்த மூன்றில் ஒரு கார்ட் இருக்கும்.

ஜி செவனிலிருந்து சி-க்கு வரும்போது பாட்டு வீடு வந்து சேர்ந்ததுபோல் ஏன் இருக்கிறது என்பதையும் விரலிலேயே பார்க்கலாம். ஜி செவனில் ஏ ஸ்ட்ரிங்கின் இரண்டாம் ஃபிரெட்டில் இருப்பது நி. சி கார்டில் அது ஒரு ஃபிரெட் ஏறி ச ஆகிறது. இ ஸ்ட்ரிங்கின் முதல் ஃபிரெட்டில் இருப்பது ம. விரலை எடுத்தால் அது ஒரு ஃபிரெட் இறங்கி க ஆகிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, இரண்டும் ச-க-ப-வுக்குள் வந்து அமர்கின்றன. மேற்கத்திய ஹார்மனியின் அடிப்படையான நகர்வுகளில் இது ஒன்று. மிக மெதுவாக, ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக மீட்டிக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதையும் அழுத்தாமல் நான்கு ஸ்ட்ரிங்கையும் மீட்டினால் ஜி, சி, இ, ஏ. அதாவது ப, ச, க, த. மோகனத்தின் ஐந்து ஸ்வரத்தில் நான்கு தாமாகவே அங்கே காத்திருக்கின்றன. சி ஸ்ட்ரிங்கின் இரண்டாம் ஃபிரெட்டில் ரி-யைச் சேர்த்தால் ராகத்தின் ஸ்வரங்கள் முழுமை. சி, ஏ மைனர் என்ற இரண்டு கார்டும் மோகனத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம்கூடப் போகாது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் நாளே மோகனத்தில் இரண்டு கார்ட் போட்டுக் கொடுங்கள். வாயில் வந்ததை அது பாடிக்கொண்டிருக்கும், எங்கேயும் இடிக்காது.

கட்டை விஷயமும் இந்த வழியில்தான் தெளியும். 1 கட்டை என்றால் சி, 2 என்றால் டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் இடையில் வரும் கறுப்புக் கட்டைகள். சி-யின் ச, ம, ப கார்ட்கள் கைக்கு வந்துவிட்டால், 2 கட்டைப் பாட்டுக்குக் கேபோவை (எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) இரண்டாம் ஃபிரெட்டிலும், இரண்டரைக்கு மூன்றாம் ஃபிரெட்டிலும் போட்டு அதே விரல்களால் வாசிக்கலாம். அதற்கும் மேலே கேபோ போனால் சின்ன யுகுலேலேயில் விரலுக்கு இடம் போதாது. பெண் குரல்கள் பெரும்பாலும் 5, ஐந்தரைக் கட்டையில் பாடுவதால், பாடும் பெண்கள் சி-யை முடித்த கையோடு ஜி, சி, டி, இ மைனர் குடும்பத்தைப் பழகிவிடுவது நல்லது. டி கார்டில் மூன்று விரலும் ஒரே ஃபிரெட்டில் நெருக்கும். முதல் வாரம் வலிக்கும், பிறகு பழகிவிடும்.

கார்டோடு மெட்டையும் எடுத்து வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பாட்டுகள் ச-வுக்குக் கீழே மந்தர ஸ்தாயியில் நி, த, ப வரை சாதாரணமாக இறங்கும். சி-யை ச என்று வைத்தால் யுகுலேலேயில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு வழி உண்டு. ஜி ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு, லோ ஜி என்று விற்கும் தடித்த ஸ்ட்ரிங்கைப் போடலாம். அல்லது எஃப்-யை, அதாவது 4 கட்டையை ச என்று வைக்கலாம். அப்போது மந்தர பஞ்சமம் அழுத்தாத சி ஸ்ட்ரிங்கிலேயே கிடைத்துவிடும். தொடக்கத்தில் இரண்டாவதே போதும்.

ஸ்வர வழிக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கர்நாடக ராகத்தின் உயிர் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில். ஃபிரெட் போட்ட, இவ்வளவு சிறிய கருவியில் தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்ட முடியாது. கார்ட் போட்டால் ராகம் விறைத்துப் போகும். அப்படிப்பட்ட கீர்த்தனைக்கு ச-ப மட்டும் பிடியுங்கள்: சி-யில் என்றால் ஜி, சி இரண்டும் அழுத்தாமல், இ, ஏ இரண்டிலும் மூன்றாம் ஃபிரெட். காந்தாரமே இல்லாததால் பாடுகிறவரின் காந்தாரத்தோடு மோதாது, தம்புராவின் வேலையை ஓரளவு செய்துவிடும்.

ச எங்கே இருந்தாலும் அங்கிருந்து எண்ணு என்பது நம் சங்கீதத்துக்கு மட்டும் உரிய யோசனையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையும் இதே அடிப்படைதான்: சுருதி மாறினால் டோ-வும் கூடவே நகரும். மிஷனரிகள் அதைப் பல நாட்டுச் சபைகளுக்கும் கொண்டுபோனார்கள். உங்கள் சபையில் டோ ரே மி வைத்துப் பாட்டுப் படித்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் படித்துப் பாருங்கள். ஒன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கு அவர்களுக்கு வாயிலேயே இருக்கும்.

"யுகுலேலேயில் படித்தால் பிறகு கிட்டாருக்குப் பயன்படுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பயன்படும். கிட்டாரின் கீழ் நான்கு ஸ்ட்ரிங் டி, ஜி, பி, இ. அதில் ஐந்தாம் ஃபிரெட்டில் கேபோ போட்டால் ஜி, சி, இ, ஏ ஆகிவிடும். அங்கே ஜி மட்டும் தாழ்ந்த குரலில் இருக்கும். அதனால் வடிவங்கள் அப்படியே செல்லும். யுகுலேலேயின் சி, கிட்டாரில் ஜி-யின் கீழ்ப்பாதி. யுகுலேலேயின் எஃப், கிட்டாரின் சி. யுகுலேலேயின் ஜி வடிவத்தை அங்கே பிடித்தால் டி. பெயர் மாறுகிறது, விரல் மாறவில்லை.

கருவியைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம் காற்று அப்படி. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் கிட்டாரின் ஸ்டீல் கம்பி சீக்கிரமே துருப்பிடித்து விரலைக் கறுப்பாக்கும். யுகுலேலேக்கு நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் ஸ்ட்ரிங் என்பதால் அந்தத் தொல்லை இல்லை, முடுக்கும் பல்சக்கரத்தை மட்டும் துடைத்து வையுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஈரத்தில் மரம் உப்பும். முழு மரத்தில் செய்ததைவிட லேமினேட் பலகையில் (மெல்லிய மர அடுக்குகளை ஒட்டியதில்) செய்தது இதைத் தாங்கும். ஒலி ஒரு படி குறைவுதான், படிப்பதற்கு அது போதும். அளவில், சொப்ரானோ என்ற சின்ன யுகுலேலேயைவிட, அதற்கு அடுத்த அளவான கான்செர்ட் பெரியவர்களின் விரலுக்கு வாகு. கடையிலேயே போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் முதலில் அழுத்தாமலும், பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் மீட்டிப் பாருங்கள். இரண்டிலும் ட்யூனர் ஒரே ஸ்வரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். அது விலகினால் நீங்கள் எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் கார்ட் பிசகித்தான் ஒலிக்கும். அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். புது நைலான் ஸ்ட்ரிங் சில நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், அதைக் கருவியின் குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகவே என் யோசனை இதுதான். முதல் இரண்டு வாரம் யூடியூப், அந்த நான்கு வடிவங்கள் கைக்கு வரும்வரை மட்டும். அடுத்து ஸ்வர வழி: சங்கராபரணம், ச-க-ப, ஏழு கார்ட், கட்டை என்று இந்த வரிசையில். பாடகர் குழுவில் நான்கு குரல் பாடுகிறவர்களும் கிரேடு தேர்வு எழுத விரும்புகிறவர்களும் அதற்குப் பிறகு ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு ஆசிரியரிடம் போகலாம். கார்ட் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் கோடும் புள்ளியும் வேகமாகப் பிடிபடும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே ஆசிரியர் வேண்டும். விரலும் மணிக்கட்டும் வளைந்து பழகிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

ஆசிரியரைத் தேர்வு செய்யும்போது, பணம் கட்டும் முன் அவரிடம் இதைக் கேளுங்கள்: "சார், எனக்கு ஐந்தரைக் கட்டை. யுகுலேலேயில் எந்தக் கார்ட்ல பாடலாம்?" "சி-யிலேயே பாடிப் பழகு" என்று சொன்னால் இன்னொருவரைத் தேடுங்கள். "கேபோவை முதல் ஃபிரெட்டில் போடு, ஜி குடும்பத்தைப் பிடி" என்று சொல்லி, ஏன் என்பதையும் ஃபிரெட்டில் எண்ணிக் காட்டினால், அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள்.